மார்பின் மேல் அமரும் குற்றவாளி

உள்ளே தாழிட்ட படுக்கையறையில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். போர்வை இடுப்புவரை விலகியிருக்கிறது, கண்கள் திறந்திருக்கின்றன, கழுத்தில் விரல்தடம் இல்லை, நகக்கண்ணில் பிறர் தோல் இல்லை, சன்னல் கொக்கி போட்டபடியே இருக்கிறது. இரவில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்காருவதாகப் போன வாரம் அவர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். உறக்கத்தைத் தாக்கும் உயிரியைப் பற்றிய அமானுஷ்யக் குற்றக்கதை பெரும்பாலும் இப்படியொரு காட்சியில்தான் தொடங்கும். ரத்தம் குடிக்கும் பேயையும் ஓநாயாக மாறும் மனிதனையும் துப்பறிவாளர் துரத்திப் பிடித்துவிடலாம், ஏனென்றால் அவை கடித்த இடத்தில் பல் பதிந்திருக்கும். இந்தக் குற்றவாளியின் வழக்கில் நிகழ்விடம், தடயம், சாட்சி ஆகிய மூன்றும் உறங்கியவரின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அவர் இறந்துவிட்டால் மூன்றும் ஒருசேரப் போய்விடுகின்றன. பிழைத்துக்கொண்டால் விசாரணை அதிகாரியின் கையில் மிஞ்சுவது ஒரு கனவின் விவரிப்பு மட்டுமே.

ஆகவே இத்தகைய கதை பேயைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் வாக்குமூலத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. தான் மட்டும் கண்டதை ஒருவர் சொல்லும்போது அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுத்தே அந்த அத்தியாயம் நிற்கிறது அல்லது சரிகிறது.

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2017 வரை ஆறு பருவங்களாக ஒளிபரப்பான 'கிரிம்' தொடர் இந்தக் கேள்விக்கு ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் கொலைப்பிரிவுத் துப்பறிவாளரான நிக் பர்க்ஹார்ட், மனித முகத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் விலங்கு முகத்தைக் காணும் பரம்பரைத் திறன் கொண்டவர். அந்த உயிரிகள் உணர்ச்சிவசப்பட்டுத் தன்னிலை இழக்கும் கணத்தில் அவர் கண்ணுக்கு உண்மை உருவம் தெரிந்துவிடும். முன்னோர் கையால் எழுதிவைத்த குறிப்பேடுகள் அவருக்கு ஆவணக் காப்பகமாக உதவுகின்றன. கூட்டாளியான ஹேங்க் கிரிஃபின் வழக்கமான காவல்துறை வேலையைக் கவனித்துக்கொள்கிறார். தொடரின் கடைசிப் பருவத்தில், உறங்குபவரின் நெஞ்சில் ஏறி அழுத்துவதாக ஜெர்மானிய நாட்டார் மரபு சொல்லும் 'ஆல்ப்' என்னும் உருவை அடியொற்றிய உயிரி ஒன்று வருகிறது. அது மனிதரின் உறக்கத்தையே உறிஞ்சி உண்கிறது. பேயை உணவுச் சங்கிலியில் ஓர் உயிரினமாக மாற்றிவிடுவது அந்தத் தொடரின் பழக்கமான உத்தி. அப்படிச் செய்தவுடன் பேய்க்கு ஒரு முகவரியும் பசியும் வந்துவிடுகின்றன. அவை இருந்தால் காவல்துறைக்கு வேலை எளிதாகிவிடும்.

மூல மரபில் ஆல்ப் இவ்வளவு எளிதாகச் சிக்குவதில்லை என்றாலும், அதைப் பற்றிய கதைகளில் வியக்கத்தக்க அளவுக்குத் துப்பறியும் நடைமுறை பொதிந்துகிடக்கிறது. அது சாவித்துவாரம் வழியாகவோ மரப்பலகையில் கண் பெயர்ந்து விழுந்த ஓட்டை வழியாகவோ நுழையும். ஆகவே அது உள்ளே இருக்கும்போது துவாரத்தை அடைத்துவிட்டால் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்ளும். குதிரைகள் காலையில் வியர்வையோடு நிற்பதும், தலைமுடி சிக்குப்பிடித்துத் திரிதிரியாய்ப் பின்னியிருப்பதும் அது வந்துபோனதற்கான தடயங்கள். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அடையாள அணிவகுப்புக்கு ஒப்பான ஒரு முறை. நெஞ்சில் அழுத்தும் உருவத்திடம், நாளைக் காலையில் வீட்டுக்கு வா, கேட்டதைக் கடனாகத் தருகிறேன் என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலையில் எதையாவது இரவல் கேட்டு வாசலுக்கு வரும் முதல் ஆள்தான் குற்றவாளி. அநேகமாக அது அக்கம்பக்கத்து ஆளாக இருக்கும். இந்த விவரத்தில் இருக்கும் நச்சைக் கவனிக்க வேண்டும். இரவில் வந்த உருவம் எங்கிருந்தோ வந்த பூதமாக இல்லாமல் தெரிந்த முகமாக இருக்க வேண்டும் என்று அந்த மரபு விரும்பியிருக்கிறது. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

ஆல்ப்புக்கு வடக்கே ஓர் உறவினர் உண்டு. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் 'மாரா' என்று அழைக்கப்பட்ட அந்த உருவத்தின் பெயர்தான் கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியிலும், பிரெஞ்சுச் சொல்லான 'கோஷ்மார்' என்பதன் கடைசி அசையிலும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய அரச வரலாற்றில் வான்லாண்டி என்ற சுவீடன் மன்னனின் மரணம் ஒரு கொலை வழக்கின் விவரத்தோடு பதிவாகியிருக்கிறது. மூன்று குளிர்காலத்துக்குள் திரும்பிவருவதாகச் சொல்லிவிட்டுப் போன மன்னன் பத்து ஆண்டுகளாகியும் வரவில்லை. கைவிடப்பட்ட மனைவி ஒரு சூனியக்காரிக்குக் கூலி கொடுக்கிறாள். உறங்கப் போன மன்னன் சற்றுநேரத்தில், மாரா தன்னை மிதிக்கிறது என்று அலறுகிறான். ஆட்கள் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்; மாரா கால்களை மிதித்து முறிக்கப் பார்க்கிறது. அவர்கள் கால் பக்கம் ஓடுகிறார்கள், மாரா தலையை அழுத்துகிறது, மன்னன் சாகிறான். கொலை நோக்கம், கூலி, கூலிக்கு அமர்த்தப்பட்டவர், நேரில் கண்ட சாட்சிகள் என்று ஒரு குற்றப்பத்திரிகைக்கு வேண்டிய அனைத்தும் இங்கே இருக்கின்றன. ஆனால் சாட்சிகள் கண்டது துடிக்கும் உடலை மட்டுமே. தாக்கியவரை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த உருவத்துக்குத் துருக்கியில் 'கராபாசன்', ஜப்பானில் 'கனாஷிபாரி', பிரேசிலில் 'பிசாடேய்ரா' என்று பெயர். தமிழில் அமுக்குவான் பேய் என்கிறோம். ஒன்றோடொன்று தொடர்பற்ற மக்கள் ஏறத்தாழ ஒரே வாக்குமூலத்தைத் தருகிறார்கள் என்றால், எந்தத் துப்பறிவாளரும் இரண்டு வழிகளில் யோசிப்பார். ஒன்று, எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் எல்லாருக்கும் உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று ஒரேமாதிரி பழுதாகியிருக்க வேண்டும்.

மருத்துவம் இரண்டாவது வழியில் போனது. 1664இல் டச்சு மருத்துவர் ஒருவர், இரவில் பிசாசு தன் மேல் படுத்து மூச்சைத் தடுப்பதாகச் சொன்ன ஐம்பது வயதுப் பெண்மணியின் நிலையைத் தெளிவாகப் பதிவுசெய்தார். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் உறக்கத்தின் ஒரு கட்டத்தில் இமைக்குள் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகுதான் இதன் இயக்கம் புரியத் தொடங்கியது. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பிவரும் இந்த விரைவிழி உறக்கத்தில்தான் மிகத் துலக்கமான கனவுகள் தோன்றுகின்றன; கனவில் ஓடும்போது கால்கள் உண்மையாகவே ஓடிவிடாதிருக்க, மூளைத்தண்டு உடலின் தசைகளைத் தளரவைத்துப் பூட்டிவிடுகிறது. விழிப்பு முந்திக்கொண்டு பூட்டு திறக்கத் தாமதமானால், கண் திறந்திருக்க, அறை தெரிய, விரலைக்கூட அசைக்க முடியாமல் சில நொடிகளோ சில நிமிடங்களோ கிடக்க நேர்கிறது. இதையே உறக்க முடக்கம் என்கிறார்கள். உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கிடையிலான தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழ்ந்து இழுக்க முயல்பவருக்குக் காற்று வராததுபோல் தோன்றுகிறது. மூளை அந்தத் தடைக்கு ஒரு காரணத்தைத் தேடி, மார்பின் மேல் ஒரு எடையை வைக்கிறது. கனவின் எச்சம் அந்த எடைக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடுகிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் இந்த அனுபவங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்தன. அறைக்குள் யாரோ இருப்பதான உணர்வு, மார்பு அழுத்தமும் மூச்சுத்திணறலும், உடல் மிதப்பதும் சுழல்வதுமான உணர்வு என்பவையே அவை. ஊடுருவல், தாக்குதல், கடத்தல் என்று இவற்றைப் பெயர்மாற்றிக் காவல்நிலையக் குறிப்பேட்டில் எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 36,000க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, பொதுமக்களில் 7.6 சதவீதத்தினரும் மாணவர்களில் 28.3 சதவீதத்தினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களிடம் எண்ணிக்கை கூடுவதில் வியப்பில்லை. தூக்கம் கெடுவதும் நேரம் தவறுவதும் மல்லாந்து படுப்பதும் இந்த நிலையை வரவழைக்கக்கூடியவை. உறக்கத்தைத் தின்னும் உயிரியைப் பற்றி எழுதுபவர்களுக்கு இதில் ஒரு பொன்னான கதைப்பின்னல் இருக்கிறது. தாக்கப்பட்டவர் பயந்து விழித்திருப்பார். விழித்திருப்பதால் அவரது விரைவிழி உறக்கம் கடன்பட்டுப் பெருகும். கண் அயர்ந்ததும் அது முண்டியடித்துக்கொண்டு வரும். அதனால் தாக்குதல் மீண்டும் நேரும். முதல் வருகை உயிரியுடையதாக இருந்தாலும் ஐந்தாவது வருகை பாதிக்கப்பட்டவரின் மூளையே செய்ததாக இருக்கலாம் என்று ஒரு துப்பறிவாளர் ஐயப்படும் இடத்தைத் திரையில் காண விரும்புகிறேன். அதைவிட்டு, பெரும்பாலான கதாசிரியர்கள் தூங்காமலிருக்க அடுக்கிவைத்த காபிக் கோப்பைகளைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

உறக்க முடக்கத்தால் யாரும் சாவதில்லை. உறக்கத்தில் சாவு நேர்ந்த இடத்தில் உண்மையான துப்பறிவாளர்கள் இறங்கிய வழக்கு ஒன்று உண்டு. வியட்நாம் போருக்குப் பின் லாவோசிலிருந்து அமெரிக்காவில் அகதிகளாகக் குடியேறிய ஹ்மொங் மக்களிடையே, 1970களின் பிற்பகுதி முதல் திடகாத்திரமான இளம் ஆண்கள் உறக்கத்திலேயே இறந்துகொண்டிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நஞ்சில்லை, காயமில்லை, மாரடைப்புக்கான அடைப்புமில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1981 டிசம்பரில் இதை அறிவித்தது. ஹ்மொங் மக்கள் உட்பட அமெரிக்காவில் வாழ்ந்த தென்கிழக்காசியரிடையே 1988 வரை பதிவான இத்தகைய மரணங்கள் 117. அவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். பிலிப்பைன்சில் 'பங்குங்கொட்', ஜப்பானில் 'பொக்குரி', தாய்லாந்தில் 'லாய் தாய்' என்று இதே மரணத்துக்கு ஏற்கனவே பெயர்கள் இருந்தன. ஹ்மொங் மரபில் நெஞ்சின் மேல் வந்தமரும் 'டா சோ' என்ற ஆவி உண்டு. முன்னோருக்குச் செய்யும் சடங்குகள் தவறினால் பாதுகாப்பு விலகிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. புதிய நாட்டில் அந்தச் சடங்குகளைச் செய்ய வழியில்லாமல் போயிருந்தது.

இந்த வழக்கு இரண்டு திசைகளில் விசாரிக்கப்பட்டது. இதயவியலாளர்கள் 1992இல் பெட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா சகோதரர்கள் விவரித்த இதயத்துடிப்புக் கோளாற்றைப் பின்தொடர்ந்து போனார்கள். இதயத்தின் சோடியம் வாய்க்கால்களை உருவாக்கும் எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவில் நேரும் பழுது, இந்தக் கோளாற்றுக்கும் தென்கிழக்காசிய உறக்க மரணங்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்று 2002இல் காட்டினார்கள். ஷெல்லி ஆட்லர் என்ற ஆய்வாளர் அம்மக்களிடம் நேரில் பேசி, சடங்கிழந்த அச்சமும் குடிபெயர்வின் நெருக்கடியும் ஏற்கனவே பலவீனமாயிருந்த இதயத்தை இரவில் தள்ளிவிட்டிருக்கலாம் என்று வாதிட்டார். துப்பறியும் மொழியில் சொன்னால், ஒருவர் ஆயுதத்தைக் கண்டுபிடித்தார், மற்றவர் அதன் விசையை இழுத்தது எது என்று கேட்டார். அமானுஷ்யக் குற்றத் தொடர் தன் எழுத்தறையில் புனைவதைக் காட்டிலும் செறிவான கதை இது. காவல்துறை அறிக்கையில் எழுதத்தக்க காரணமும், இறந்தவரின் வீட்டார் நம்பும் காரணமும் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இதில் அருகருகே நிற்கின்றன.

ஆனால் வீட்டார் நம்பும் காரணத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் சூனியக்காரி என்று விசாரிக்கப்பட்டபோது, ஜான் லவுடர் என்பவர் சாட்சி சொன்னார். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் மார்பில் பெரும் பாரம் அழுத்தக் கண்விழித்ததாகவும், நல்ல நிலவொளியில் பிஷப்போ அவளது சாயலோ தன் வயிற்றின் மேல் அமர்ந்திருந்ததைத் தெளிவாகக் கண்டதாகவும், விடியும் நேரம்வரை தடுக்க வலுவின்றிக் கிடந்ததாகவும் சொன்னார். இன்று எந்த உறக்க மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் அடையாளம் காணக்கூடிய வாக்குமூலம் இது. அதற்கு முன்பே பிஷப்பின் கோழிகள் தோட்டத்துக்குள் வருவது பற்றி இருவருக்கும் தகராறு இருந்தது என்பதையும் அவர் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். இரவல் கேட்டு வாசலுக்கு வரும் அக்கம்பக்கத்து ஆளைப் பிடிக்கச் சொன்ன மரபு எங்கே போய்ச் சேரும் என்பது இங்கே தெரிகிறது. பாரம் உண்மையானது, அதற்கு முகம் கொடுத்தது கோழிச்சண்டை. 1692 ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் தூக்கிலிடப்பட்டார். அந்த விசாரணைகளில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் முதலாமவர் அவர். சாயல் சாட்சியம் எனப்பட்ட இவ்வகை வாக்குமூலங்களை வைத்துத் தண்டிப்பது 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றத்தில் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள்.

இதன் பின்னணியில் 'கிரிம்' தொடரின் குறுக்குவழியைத் திரும்பிப் பார்த்தால் சற்றுச் சங்கடமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத முகம் எனக்குத் தெரிகிறது என்பதுதான் சேலத்தில் சாட்சி சொன்னவர்களின் கூற்று. நிக் பர்க்ஹார்ட்டின் திறனும் அதுவே. அவரை நாம் நம்புவதற்குக் காரணம், ஒளிப்படக்கருவியும் அவரோடு சேர்ந்து அந்த முகத்தைக் காண்கிறது என்பது மட்டுமே. பார்வையாளர்தான் இரண்டாவது சாட்சி. அந்த இரண்டாவது சாட்சி கதைக்குள் இல்லாதபடியால், காவல்நிலையத்தில் எப்போதும் இரண்டு கோப்புகள் உருவாகின்றன. ஒன்றில் மேலதிகாரி படிக்கத்தக்க பொய் இருக்கும். மற்றொன்று, முன்னோரின் குறிப்பேட்டில் சேர வேண்டிய உண்மை. தொடர் இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. மூன்றாம் பருவத்தில் பிலிப்பைன்ஸ் மரபின் 'அஸ்வாங்' என்ற உயிரியைத் தற்செயலாகக் கண்டுவிடும் சார்ஜென்ட் வூ, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்பி மனநல மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார். அவர் கண்டது உண்மை என்பது நிக்குக்கும் ஹேங்க்குக்கும் தெரியும், ஆனாலும் அப்போது சொல்லவில்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்டுச் சாட்சியைக் கைவிட்ட அந்த இடம், முழுத் தொடரிலும் மிகவும் நேர்மையானது என்பது என் கணிப்பு.

இவ்வகைக் கதைகளில் இன்னொரு வழக்கமான காட்சி, துப்பறிவாளர் தானே தூண்டிலாகப் படுப்பது. கூட்டாளி அடுத்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கண்ணை மூடுகிறார். பலமுறை தேய்ந்த காட்சிதான், ஆனாலும் சரியாக எடுத்தால் இன்னும் வேலை செய்கிறது. துப்பாக்கியை எடுக்கும் கை, எச்சரிக்கை கொடுக்கும் குரல், எழுந்து துரத்தும் கால் என்று தொழிலின் கருவிகள் அனைத்தும் அந்த ஒரு கணத்தில் அவரிடமிருந்து பறிக்கப்படுகின்றன. பார்க்கும் கண் மட்டும் மிஞ்சுகிறது. அதுவரை பிறர் சொல்லக் கேட்டுக் குறிப்பெடுத்தவர் இப்போது தானே நம்பத்தகாத சாட்சியாகிவிடுகிறார். கூட்டாளியின் திரையில் தெரிவது, கண்ணைத் திறந்தபடி அசையாமல் படுத்திருக்கும் ஓர் ஆள் மட்டுமே.

எவரும் துணிந்து எடுக்காத மறுபக்கம் ஒன்றும் உண்டு: உயிரியே இல்லாத வழக்கு. 1878 ஏப்ரலில் கிளாஸ்கோ நகரில் சைமன் ஃபிரேசர் என்ற தொழிலாளி, நள்ளிரவில் ஒரு வெள்ளை விலங்கு தரையைப் பிளந்துகொண்டு எழுந்து தன் குழந்தையின் மேல் பாய்வதாகக் கண்டு, அதைப் பிடித்துச் சுவரில் மோதினார். விழித்தபோது அவர் கையில் இருந்தது அவருடைய பதினெட்டு மாத மகன். சிறுவயது முதலே அவருக்கு உறக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கம் இருந்தது என்பதை வீட்டார் சாட்சியமாகச் சொன்னார்கள். இங்கே பார்வையாளருக்கும் காட்ட ஒன்றுமில்லை. விலங்கைக் கண்டவர் அவர் ஒருவரே, கொன்றவரும் அவரே, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவரளவில் உண்மை. செய்ததை அறியாத நிலையில் செய்தவர் அதற்குப் பொறுப்பாளி ஆகார் என்று நடுவர்குழு முடிவு சொன்னது. இனித் தனியாகவே படுத்துறங்குவேன் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.